ஏழாம் நம்பரின் முழங்கால்

"தோத்ததுக்குக் காரணம் மைக்தான் சார்," என்றான் கபடி கேப்டன் தவுசீப்.

தலைமையாசிரியர் ராஜாங்கத்தின் மேசைக்கு முன்னால் சகாயசெல்வியும் நின்றிருந்தாள். பக்கத்து ஊர் அனுமந்தை அணியிடம் இருபத்திரண்டு பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்றவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். அதில் மைக்கும் ஒன்று என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

"நான் இடது பக்கம் போனா, ‘தவுசீப் இடப்பக்கம் பாய்கிறார்’னு இவ கத்துறா. அதைக் கேட்டுட்டு அனுமந்தை பசங்க அங்க வந்து ரெடியா நிக்கிறானுங்க. எப்படி சார் ஆடுறது?"

"பார்த்ததைச் சொல்றதுதான சார் வர்ணனை? பார்க்காததைச் சொல்லக்கூடாதுன்னு பி.டி. சார்தான் சொல்லிக் குடுத்தாரு," என்றாள் செல்வி.

பி.டி. சார் அசோகன் ஜன்னல் வழியாக உப்பளத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

போன வருஷம் குவைத்திலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர் மரக்காணம் பள்ளிக்கு ஒரு மைக் செட்டும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்தார். சும்மா கிடக்கிறதே என்று அசோகன் சார் ‘விளையாட்டு வர்ணனை மன்றம்’ ஆரம்பித்தார். பதினோரு பேர் சேர்ந்தார்கள். இதற்கு மார்க் கிடையாது என்று தெரிந்ததும் ஒன்பது பேர் நின்றுகொண்டார்கள். மிஞ்சியது செல்வியும் பிரபாகரனும்தான்.

பிரபாகரன் மாதம் ஒரு தரம் வருவான். செல்வி விட்டபாடில்லை. பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ்ஸும் பாண்டி பஸ்ஸும் முட்டிக்கொண்டு கிளம்புவதை வர்ணித்தாள். லீவு நாளில் உப்பளத்துக்குப் போய், "தலையில் கூடையுடன் லூர்துமேரி வரப்பில் முன்னேறுகிறார், அடடா, என்ன ஒரு சமநிலை!" என்று பெற்ற தாயையே வர்ணித்தாள். "வந்து ஒரு கூடை தூக்குடி, அப்புறம் சொல்லு சமநிலையை," என்றாள் லூர்துமேரி.

மைக்கைப் பிடித்தால்தான் அவள் சகாயசெல்வி. மற்ற நேரமெல்லாம் லெவன்த் பி, ரோல் நம்பர் முப்பத்தொன்று. அந்த மைக் போய்விட்டால் தன்னிடம் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

ராஜாங்கம் தீர்ப்புச் சொன்னார். "வர்ற சனிக்கிழமை பாண்டி டீம் வருது. ஜெயிச்சா மைக் உன்கிட்டயே இருக்கட்டும். விழுப்புரத்துல நடக்குற மாவட்ட விழாவுலயும் நீதான் பேசுற. தோத்தா பிரபாகரன்கிட்ட குடுத்துடு."

"அவன் பேசுனா யாருக்கும் கேக்காதே சார்!"

"அதான் வேணும்," என்றார் ராஜாங்கம்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பாண்டி அணி ஒரு வேனில் வந்து இறங்கியது. எல்லார் நெஞ்சிலும் பாண்டிச்சேரி என்று கொட்டை எழுத்து. ஆளுக்கொரு எண்தான் இருந்தது, பெயர்ப் பட்டியல் வரவில்லை. அவர்களுடைய கோச் அசோகன் சாரிடம் இங்கிலீஷிலேயே கைகுலுக்கி, இங்கிலீஷிலேயே தண்ணீர் கேட்டார்.

"முப்பத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்கான், இங்கிலீஷ்லதான் பேசுவானாம்! பாண்டித் திமிரைப் பார்த்தியா?" என்று அசோகன் சார் பல்லைக் கடித்தார்.

ஏழாம் நம்பரைப் பார்த்ததும் மரக்காணத்துப் பையன்களுக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. அவன் தொடை ஒவ்வொன்றும் தவுசீப்பின் இடுப்பளவு இருந்தது. செல்வி நோட்டும் கையுமாகப் போய், "அண்ணே, உங்க பேரு என்னங்க? மைக்ல சொல்லணும்," என்று கேட்டாள். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "ஓகே, ஓகே," என்றான். பெயரைச் சொன்னால் தேய்ந்துவிடுமா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஆட்டம் தொடங்கும் முன் அசோகன் சார் செல்வியின் காதருகே குனிந்தார். "நம்ம பசங்க எந்தப் பக்கம் போறாங்கன்னு மூச்சு விடாத. அவனுங்க ஆட்டத்தை மட்டும் சொல்லு. அப்ப ஒரு ரகசியமும் வெளிய போகாது."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. செல்வி மைக்கைப் பிடித்தாள்.

"இதோ ஏழாம் நம்பர் வருகிறார்! புயலெனப் புகுகிறார்! மரக்காணத்தின் இருவர் வெளியே! மீண்டும் ஏழாம் நம்பர்! என்ன வேகம், என்ன வீரம்!"

ஐந்து நிமிஷம் இப்படியே போனது. தங்கள் பெயர் ஒருமுறைகூட வராமல், எதிராளியின் வீரத்தையே கேட்டுக் கேட்டு மரக்காணத்துப் பையன்களுக்குக் கால் துவண்டது. உப்பளத்து வேலை முடிந்து வேலியோரம் நின்ற பெண்களும் குழம்பிப் போனார்கள்.

"ஏன்டி செல்வி, நம்ம புள்ளைங்க ஆட வரலையா?" என்று லூர்துமேரி அங்கிருந்தே கத்தினாள்.

பாண்டி பன்னிரண்டு, மரக்காணம் இரண்டு.

அசோகன் சார் வேர்க்க விறுவிறுக்க மறுபடி வந்தார். "சரி, மாத்திக்கலாம். தவுசீப் இடப்பக்கம் பாயுறான்னு நீ சொல்லு. அவன் வலப்பக்கம் போவான். நான் அவன்கிட்ட சொல்லிட்டேன். பாண்டிக்காரன் ஏமாந்துடுவான்."

"சார், அது பொய்யாச்சே!"

"பொய் இல்லம்மா. டாக்டிக்ஸ்."

செல்வி மைக்கை வாயருகே இழுத்தாள். "தவுசீப் பாடிப் போகிறார். இதோ, இடப்பக்கம் பாய்கிறார்!"

வலப்பக்கம் போய்க்கொண்டிருந்த தவுசீப், பாதி வழியில் சடாரென்று இடப்பக்கம் திரும்பினான். அங்கே நின்ற ஐந்து பேரும் அவனை அலுங்காமல் அள்ளிக்கொண்டார்கள்.

"ஏன்டா திரும்புன?" என்று அசோகன் சார் தலையில் அடித்துக்கொண்டார்.

"எட்டு மாசமா இவ குரலைக் கேட்டே ஆடிப் பழகிட்டேன் சார். கால் தானா திரும்புது!"

இடைவேளையில் பத்தொன்பதுக்கு ஐந்து. ராஜாங்கம் நாற்காலியிலிருந்து எழுந்து பிரபாகரனுக்குக் கைகாட்டினார். அவன் பின்பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டு மைக் பக்கம் வந்தான். வர்ணனைக்குத் தலைவாருவது எதற்கு என்று கேட்கும் நிலையில் செல்வி இல்லை.

"சார், அஞ்சே அஞ்சு நிமிஷம் சார்."

"அஞ்சு நிமிஷம்தான்," என்று ராஜாங்கம் கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. ஏழாம் நம்பர் குனிந்து முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. செல்வியின் வாய் அவளைக் கேட்காமலே ஓடியது.

"பாண்டிச்சேரியின் ஏழாம் நம்பர் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார்! கடும் வலி போலிருக்கிறது. பாவம், இனி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பாரோ!"

கேட்டு அவன் கலங்கிப் போவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவனோ மைக் இருந்த திசையைப் பார்த்து, சந்தோஷமாகக் கையாட்டினான்.

"பார்த்தியா, வலியை மறைக்கிறான்!" என்றார் அசோகன் சார்.

"சார், அது நான் சும்மா..."

"எனக்கே சொல்றியா? கண்ணால பார்க்கிறேன், நொண்டுறான்!"

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. உப்பளத்துப் பெண்களிடம் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியுமா? வருஷம் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்கிறவர்கள். ஆளுக்கொரு எண்ணெய்ப் புட்டி இடுப்பில் இருக்கும். லூர்துமேரி வேலியைத் தாண்டி வந்தாள், பின்னால் நாலு பேர் வந்தார்கள். நடுவர் விசில் ஊதுவதற்குள் ஏழாம் நம்பரை உட்கார வைத்து, இரண்டு முழங்காலிலும் எண்ணெயைக் கொட்டிச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார்கள்.

"ஊரை விட்டு ஊர் வந்த புள்ள. வலிக்குதாப்பா ராசா?"

"ஓகே, ஓகே," என்றான் ஏழாம் நம்பர், கண் சொக்கிப் போய்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு எப்படிப் பொறுத்துக்குது பாரு," என்று லூர்துமேரி மூக்கை உறிஞ்சினாள்.

அடுத்த ரெய்டில் அவனுடைய காலை மூன்று பேர் பிடித்தார்கள். மூன்று பேர் கையிலிருந்தும் விலாங்கு மீனாக வழுக்கிக்கொண்டு போய்விட்டான். ஒரே ஓட்டத்தில் மூன்று பாயிண்ட்! இருபத்திரண்டுக்கு ஐந்து. ராஜாங்கத்தின் முகம் கறுத்தது. பிரபாகரன் மைக்கின் கழுத்தில் கையே வைத்துவிட்டான்.

"சார், எண்ணெய்! கபடியில எண்ணெய் தடவக்கூடாது சார்!" என்று தவுசீப் குதித்தான்.

"தடவுனது உங்க ஊரு ஆளுங்கதானப்பா," என்ற நடுவர், ஏழாம் நம்பரைச் சோப்போடு குழாயடிக்கு அனுப்பினார். அவன் அதற்கும் சிரித்துக்கொண்டே போய், தேய்த்துக் கழுவிவிட்டு வந்தான்.

அந்த இடைவெளியில்தான் மரக்காணத்துப் பையன்கள் கூடி நின்று பேசினார்கள். எண்ணெய் தேய்க்கிற அளவுக்கு வலி என்றால் சும்மாவா? தவுசீப் தோளைக் குலுக்கிக்கொண்டான்.

"டேய், ஒத்தக் கால் ஆளுடா அவன். இவனுக்கா பயந்தோம்? புடிங்கடா!"

ஏழாம் நம்பர் பாடி வந்தான். இம்முறை யாரும் பின்வாங்கவில்லை. நாலு பேர் மேலே விழுந்தார்கள். தூசி அடங்கியபோது ஏழாம் நம்பர் மல்லாந்து கிடந்தான்.

ஒரு பொய் பலித்துவிட்டால் அடுத்தது நாக்கு நுனியில் வந்து நின்றுகொள்ளும். "நாலாம் நம்பருக்கு மூச்சு வாங்குகிறது! இரண்டாம் நம்பர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம்!" என்றாள் செல்வி. லூர்துமேரி தூக்குச் சட்டியோடு வேலியில் கால் வைப்பதைக் கண்டதும், "சாப்பிடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு!" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

மூச்சு வாங்குகிறவனைத் தவுசீப் தொட்டுவிட்டு வந்தான். பசித்தவனை இரண்டு பேர் மடக்கினார்கள். பாண்டி அணி முழுசாக ஒருமுறை வெளியே போனது, பிறகு இன்னொரு முறையும் போனது. இருபத்திரண்டுக்குப் பன்னிரண்டு, இருபத்தைந்துக்கு இருபது. வேலியோரம் விசில் பறந்தது. ராஜாங்கம் கடிகாரத்தை மறந்து நாற்காலி மேல் ஏறி நின்றார். பிரபாகரன்கூடத் தலைமுடி கலைந்தது தெரியாமல் கத்தினான்.

கடைசி ரெய்டு. மரக்காணம் இருபத்தெட்டு, பாண்டி இருபத்தெட்டு. ஏழாம் நம்பர் பாடி வந்தான். செல்வி பொய்யெல்லாம் மறந்துபோனாள். கண்ணில் பட்டது மட்டும் வாயில் வந்தது.

"வருகிறார்... வலது மூலை... தவுசீப் காலைப் பிடித்துவிட்டார்! இழுக்கிறார்! ஏழாம் நம்பரின் கை கோட்டை நோக்கி நீளுகிறது... ஒரு சாண்... விடவில்லை... தவுசீப் விடவில்லை... விசில்! மரக்காணம்! மரக்காணம்! மரக்காணம்!"

உப்பளத்தின் கடைசிப் பாத்தியில் நின்ற கொக்குகள் கிளம்பிப் பறந்தன.

பையன்கள் தவுசீப்பைத் தூக்கினார்கள், தவுசீப் மைக்கைத் தூக்கிச் செல்வியின் கையில் கொடுத்தான். "அந்த முட்டிவலி மேட்டரை மட்டும் நீ சொல்லலைன்னா, அவன் பக்கத்துலயே போயிருக்க மாட்டோம். ஆமா, எந்த முட்டி? இடதா, வலதா?"

செல்வி மைக்கின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"பாண்டிக்காரனை வாயாலயே மிரட்டிச் சாய்ச்சுட்டா சார் நம்ம பொண்ணு!" என்றார் அசோகன் சார்.

ராஜாங்கம் நாற்காலியிலிருந்து இறங்கி, "விழுப்புரத்துக்கு ரெடியாயிக்கம்மா," என்றார். இந்த வார்த்தைக்காகத்தான் எட்டு மாதமும் தொண்டை வற்றக் கத்தினாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் கூடவே ஒன்று உறுத்தியது. நல்லா இருந்த பையனை நொண்டியாக்கி, மிரட்டி ஜெயித்தது ஒரு ஜெயிப்பா?

மனசு கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேனிடம் ஓடினாள். ஏழாம் நம்பர் ஜன்னலோரம் உட்கார்ந்து லூர்துமேரி கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க. உங்க முழங்காலைப் பத்தி மைக்ல சொன்னது அத்தனையும் பொய். உங்க மனசை உடைக்கணும்னுதான் சொன்னேன். தப்புதாண்ணே."

ஏழாம் நம்பர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "ஓகே, ஓகே."

டீ டம்ளரோடு கதவில் சாய்ந்திருந்த வேன் டிரைவர் மாயவன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யார்கிட்டம்மா மன்னிப்பு கேக்குற? பாண்டி ஸ்டேட்ல சேர்ந்ததுன்னாலும் இவனுங்க ஊரு ஆந்திராப் பக்கம் இருக்கிற ஏனாம்; தெலுங்கைத் தவிர ஒண்ணும் தெரியாது, நீ மைக்ல சொன்னதெல்லாம் உங்க பசங்களுக்கு மட்டும்தான் புரிஞ்சிருக்கும்!"