முப்பத்தாறு படங்களும் ஒரு பெருவிரலும்

திருவள்ளுவர் ஆண்டு 2029, ஆவணித் திங்கள் 31ஆம் நாள்
(அஞ்சலகத்தாரின் வசதிக்காக: 16.09.1998)
வெள்ளவத்தை, கொழும்பு 6

கண்டி மாநகரில் வதியும் ஓய்வுபெற்ற தொடருந்து நிலைய அதிபரும், என் இல்லாள் நாகேஸ்வரியின் மூத்த உடன்பிறப்புமாகிய பெருமதிப்பிற்குரிய மைத்துனர் தில்லைநாதன் அவர்களின் திருமுன், நமசிவாயம் எழுதிக்கொள்வது.

வணக்கம். மலைநாட்டுக் குளிரில் தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்க எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகின்றேன். இங்கே என் உடல் நலமாக இருக்கின்றது. உடல் தவிர்ந்த ஏனைய பகுதிகளைப் பற்றியதே இக்கடிதம். வாசித்து முடித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் இட்டுவிட வேண்டும். தங்கள் துணைவியாருக்குங்கூடக் காட்டலாகாது.

நாகேஸ்வரி மூன்று நாட்களாக இவ்வீட்டில் இல்லை. பாமன்கடையில் தங்கை பாலேஸ்வரியின் வீட்டில் இருக்கின்றாள். நடந்து போனால் பதினைந்து நிமிடம். நான் நடந்து போனேன். மேல்மாடி யன்னல் மட்டும் திறந்தது. அதனின்றும் பாலேஸ்வரியின் தலை வெளிப்பட்டது.

"அத்தான், அக்கா உள்ளதான் இருக்கிறா. பொலிசில பதிஞ்சாச்சு. எவ்வளவு நாள் நிப்பா எண்டு கேட்டவை. அவர் திருந்துமட்டும் எண்டு சொன்னனான். அப்பிடி எழுத ஏலாதாம். ஆறு மாசம் எண்டு போட்டுவிட்டாங்கள்."

கொழும்பில் வீட்டில் வந்து தங்கும் தமிழர் ஒவ்வொருவரையும் பொலிசிற் பதிந்தாக வேண்டிய காலமல்லவா இது! யன்னல் மூடியது. திரும்பி வரவும் பதினைந்து நிமிடமே ஆயிற்று.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. வருகின்ற 27ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, கொட்டாஞ்சேனைத் தேவாலய மண்டபத்தில், "நான் கண்ட அவுஸ்திரேலியாவும் பீஜியும்" என்னும் பொருளில் தங்கள் தங்கை மேடையேறிப் பேசவிருக்கின்றாள். நாற்பதாண்டுகள் மேடைகளை அதிரவைத்த நமசிவாயத்தின் மனைவி, நமசிவாயம் பேசிய அதே பொருளில், நமசிவாயத்துக்கு எதிராகப் பேசுகின்றாள்! தாங்கள் அண்ணன். தாங்கள் ஒரு வரி எழுதினால் அவள் மீறமாட்டாள். அந்த ஒரு வரியை வேண்டியே இத்தனை வரிகளை எழுதுகின்றேன்.

நடந்ததைக் கூறுகின்றேன். சென்ற ஞாயிறு எங்கள் வெள்ளவத்தைத் தமிழ் மன்றத்தில் என் பயண உரை. மாலை நான்கு மணிக்கு நானும் நாகேஸ்வரியும் முச்சக்கர வண்டியில் புறப்பட்டோம். என் மடியில் தொண்ணூறு பக்கக் குறிப்பேடு. அவள் மடியில் சுவரிற் படங்காட்டும் கருவியும், முப்பத்தாறு படவில்லைகள் அடங்கிய பெட்டியும். இருவருக்கும் நடுவே, அவுஸ்திரேலியத் தொல்குடியினரின் வளைதடி. எறிந்தால் எறிந்தவன் கைக்கே மீளும் என்பார்களே, அது. நம் முன்னோர் கையாண்ட வளரியின் உடன்பிறப்பு அது என்று அவையோர்முன் உயர்த்திக் காட்டுவதற்காகவே கேர்ன்ஸ் நகரில் வாங்கிச் சுமந்து வந்தேன். காலி வீதிச் சோதனைச் சாவடியில் வண்டியை மறித்த சிப்பாய் அதனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மே மொக்கத்த?" இது என்ன என்று கேட்டார். மைத்துனரே, என்னிடம் ஒருவர் வினா எழுப்பினால் விடை சுருக்கமாக வருவதில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நிமிர்ந்து அமர்ந்தேன். மார்பு விரிந்தது. "இது பழந்தமிழர் படைக்கலம்" என்று சிங்களத்தில் எவ்வாறு கூறுவது என உள்ளத்துக்குள் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். "யுத்த" என்ற முதற்சொல் என் நாவின் நுனிவரை வந்துவிட்டது.

"ரெதி எல்லன எக மஹத்தயா" என்றாள் நாகேஸ்வரி. உடுப்புக் கொழுவுகின்ற ஒன்று, ஐயா.

சிப்பாய் தம் தொப்பியைக் கழற்றி அதிற் கொழுவிப் பார்த்தார். நின்றது. தலையசைத்துத் திருப்பித் தந்தார். நான் அம்முதற்சொல்லைச் சொல்லியிருந்தால் இக்கடிதம் வேறொரு முகவரியிலிருந்து, வேறொருவரின் மேற்பார்வையில் எழுதப்பட்டிருக்கும்.

"பேசாம இருங்கோப்பா. மேடை இன்னும் வரேல்ல" என்றாள் அவள்.

இருந்தேன். ஆனால் மேடை வந்துவிட்டதே! "அவையோரே! வரும் வழியில் ஒரு போர்வீரன் இதனைக் கண்டு திகைத்தான். இதன் வரலாற்றை எடுத்தியம்பினேன். தலைவணங்கி வழிவிட்டான்!" என்று தொடங்கினேன். கைதட்டல் கூரையைத் தொட்டது. இரண்டாம் வரிசையில் நாகேஸ்வரியின் வலப்புருவம் மட்டும் உயர்ந்தது. அதனை நான் கண்டேன். சிவப்பு விளக்கைக் கண்டும் ஊர்தியை நிறுத்தாத ஓட்டுநன் போல மேற்சென்றேன்.

இனித் தாங்கள் தலையிட வேண்டுமாயின் முழு உண்மையும் தங்களுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். ஆகவே, இதுகாறும் எவரிடமும் கூறாத ஒன்றை எழுதுகின்றேன். கதவைச் சாத்திவிட்டு வாசியுங்கள். பதினான்கு நாட்கள், இரண்டு நாடுகள், இருபத்திரண்டு பேர் கொண்ட குழு. எங்கள் வழிகாட்டி, கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த பேர்னாட் என்பவர், மஞ்சட் குடையொன்றை உயர்த்திப் பிடித்து எங்களை எல்லா இடங்களுக்கும் அழைத்துச் சென்றார். அவ்விடங்களில் எதனையும் நான் பார்க்கவில்லை.

நான் உரை எழுதிக்கொண்டிருந்தேன். விமானம் கட்டுநாயக்காவை விட்டு எழும்பியபோது முன்னுரை தொடங்கினேன். "கங்காருக்கள் துள்ளும் கன்னி நிலம்" என்ற தொடர் சிட்னியில் இறங்குமுன்பே ஆயத்தம். பேருந்தில் அவள் யன்னலோரம், நான் குறிப்பேட்டோரம்.

"இஞ்சேருங்கோ, நிமிர்ந்து பாருங்கோ. கங்காரு ஒண்டு குட்டியோட நிக்குது."

"நிறம் யாது?"

"மண் நிறம்."

"செம்மண்ணா, கருமண்ணா?"

"கண் இருக்குத்தானே, நீங்களே பாருங்கோவன்!"

"இவ்வாக்கியத்தை முடித்துவிட்டுப் பார்க்கிறேன்" என்றேன். வாக்கியம் முடிந்தபோது கங்காரு இல்லை. நீண்ட வாக்கியம் அது. மன்றத்தில் அதற்கும் கைதட்டினார்கள்.

பவளப்பாறைக் கடலுக்குக் கண்ணாடி அடித்தளங்கொண்ட படகிற் சென்றோம். பத்தாவது நிமிடம் எனக்குத் தலை சுற்றிற்று. எலுமிச்சங்காயை மூக்கில் வைத்துக்கொண்டு பலகையில் மல்லாந்து கிடந்தேன். அவள் சேலைத் தலைப்பை இடுப்பிற் செருகிக்கொண்டு, கண்ணாடியிற் கன்னத்தை வைத்து, எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். "ஒரு பெரிய மீன் வருதப்பா. எங்கட கோயில் தர்மகர்த்தா மாதிரி. வாயை மட்டும் மெல்ல மெல்ல அசைச்சுக்கொண்டு, ஒருத்தருக்கும் வழி விடாமப் போகுது." படுத்தபடியே எழுதிக்கொண்டேன். ஞாயிறன்று, "ஆழ்கடலுள் இறங்கினேன், தர்மகர்த்தா போன்றதொரு மீன் எனக்கு எதிரே வந்தது" என்று நான் கூறியபோது மண்டபம் குலுங்கிச் சிரித்தது. என் வாழ்நாளில் நான் பெற்ற மிகப்பெரிய சிரிப்பு அது. தர்மகர்த்தாவும் சிரித்தார். சிரிக்காதவள் ஒருத்தியே.

பீஜித் தீவில், நாடி என்னும் ஊரில், நம் முருகனுக்கு வானளாவிய கோபுரத்தோடு ஒரு கோயில். கடல்கடந்து கரும்பு வெட்டச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் எழுப்பியது. அதைக் கேட்டதும் என் குருதி கொதித்தது. முன்மண்டபத்தில் நின்று, "ஏ, தமிழினமே!" என்று முழங்கினேன். முப்பது பேர் கூடினர். அவர்களுள் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அவர்கள் பேசுவது இந்தி. நான் சினந்து பேசப் பேச அவர்கள் அதனை அரிய மந்திரம் என எண்ணிக் கைகூப்பி நின்றனர். ஒருவர் தாம் புதிதாக வாங்கிய மகிழுந்தின் திறவுகோலை என் காலடியில் வைத்தார். அவர் பெயர் கோவிந்தசாமி. அந்தப் பெயரைக் கேட்டதும் மேலும் இருபது நிமிடம் பேசினேன். அங்கிருந்து விமான நிலையம் செல்லவேண்டிய எங்கள் பேருந்து நாற்பது நிமிடம் காத்து நின்றது. "என் உரையில் மயங்கி ஒரு பேருந்தே அசையாது நின்றது!" என்று மன்றத்திற் கூறினேன். பேருந்து அசையாமைக்குக் காரணம், நாகேஸ்வரி அதன் படியில் அமர்ந்து, கதவை இரு கைகளாலும் பற்றிக்கொண்டிருந்ததே. நான் வந்து சேர்ந்ததும், ஒளிப்படக் கருவியை என் கையில் திணித்து, "இதையாவது பிடியுங்கோ" என்றாள். நான் எதையோ அழுத்தினேன். ஏதோ ஒலித்தது. அவ்வளவே.

ஒளிப்படக் கருவி முழுப் பயணத்திலும் அவள் கையிலேதான் இருந்தது. அங்கேதான் என் அழிவும் இருந்தது. படங்களை நான் முன்கூட்டிப் பார்க்கவில்லை. உரை இருக்க, படம் எதற்கு? ஒப்பனைக்குத்தானே என்றிருந்தேன். விளக்கணைந்தது. முதற்படம் சுவரில் விழுந்தது. சிட்னித் துறைமுகப் பாலம். அதற்கு முதுகு காட்டிக் குனிந்து எழுதும் நான். இரண்டாவது, சங்குபோன்ற கூரையுடைய இசைமாளிகை. குனிந்து எழுதும் நான். மூன்றாவது, என் தோளுக்குப் பின்னால் நின்று குறிப்பேட்டையே எட்டிப் பார்க்கும் ஒரு கங்காரு. செம்மண் நிறந்தான். பத்தாவது படத்தில் அவையிற் சிரிப்புத் தொடங்கிற்று. இருபதாவதில் "மாஸ்டர், இப்ப எத்தினையாம் பக்கம்?" என்று இருளில் ஒரு குரல். ஆழ்கடலுள் இறங்கினேன் என்றேனே, இருபத்தேழாவது படம் அந்தப் படகு. பலகையிற் கிடக்கும் நான், மூக்கில் எலுமிச்சை. நிமிர்ந்து நின்ற ஒரே படம் நாடிக் கோயிலில் எடுத்தது. அதிற் கண்கள் மூடியிருந்தன.

அப்போது பின்வரிசையில் எழுந்தார் பேர்னாட். அவரும் வந்திருந்ததை அதுவரை நான் அறியேன்.

"ஐயா, ஒரு சின்னக் கேள்வி. படமெல்லாம் நல்லா வந்திருக்கு. எடுத்தது யாரு ஐயா?"

மைத்துனரே, அது எனக்கு நீட்டப்பட்ட கயிறு. இருபத்திரண்டு பேருக்கும் வழிகாட்டிய மனிதர், எனக்கும் வழிகாட்டினார். "என் மனைவி" என்று இரு சொற்கள் போதும். ஆனால் அதுகாறும் ஒரு மணி ஐம்பது நிமிடம் "நான் சென்றேன், நான் கண்டேன், நான் வென்றேன்" என்று முழங்கிவிட்டவன், அந்த நொடியில் எங்கிருந்தோ ஒரு மனைவியைக் கொண்டுவந்து நிறுத்துவது எப்படி?

"குழுவில் வந்த யாரோ ஒருவர்" என்றேன்.

நாகேஸ்வரி எழுந்தாள். சுவரருகே சென்று படங்காட்டும் கருவியின் மின்னிணைப்பைப் பிடுங்கினாள். படவில்லைப் பெட்டியை எடுத்தாள். மேசையிலிருந்த வளைதடியையும் எடுத்தாள். "அந்த யாரோ ஒராள் போறா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வாயிலில் பேர்னாட் அவளை மறித்து ஏதோ பேசினார். கொட்டாஞ்சேனைக் கூட்டம் அங்கேதான் முளைத்தது.

இத்துடன் முடிந்ததா? மறுநாட் காலை, குடியிருப்போர் பட்டியலைச் சரிபார்க்கக் காவலர் ஒருவர் வந்தார். பட்டியலில் இருவர், வீட்டில் ஒருவர். "நோனா கோ?" என்றார். அம்மா எங்கே என்பது. தங்கை வீட்டில் என்றேன். ஏன் என்றார். நாடிருக்கும் நிலையில், வீட்டிலிருந்து ஒரு தமிழர் காணப்படாமைக்குத் தக்க காரணம் கூறாவிடின் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதலிற் "தலைவலி" என்றேன். நம்பவில்லை. ஈற்றில், வாயிற்படியில் நின்று, அண்டை வீட்டார் அனைவரும் கேட்க, பயண உரை முதல் பேர்னாட்டின் வினாவரை சிங்களத்திற் கூறி முடித்தேன். அவர் பேனையை உயர்த்திப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"ஐயா, நோனா எடுத்த படம். நோனா பேர் சொல்லல்ல?" என்றார், தமக்குத் தெரிந்த தமிழில்.

"சொல்லவில்லை."

"அது சரியில்ல, ஐயா."

காரணம் என்னும் கட்டத்தில் நெடுநேரம் எழுதினார். வாசித்துக் காட்டுமாறு வேண்டினேன். 'கணவர் கூட்டத்தில் மனைவியின் பெயரைச் சொல்லாமை' என்று எழுதியிருந்தார். அது இப்போது அரச ஆவணம்.

ஆகவே, மைத்துனரே, கூட்டத்தை நிறுத்துங்கள். அவள் பேசினால் இவ்வளவும் வெளிவரும். மூன்று நாட்களாகக் கொள்ளுப்பிட்டிவரை நடந்து திரிகின்றேன், எதனைக் கண்டாலும் அதன் நிறத்தைக் கேட்கத் தலை திரும்புகின்றது, பக்கத்தில் ஆளில்லை. இதையும் அவளுக்கு எழுத வேண்டாம். கூட்டத்தை மட்டும் நிறுத்துங்கள்.

தங்கள் துணைவியார்க்கும் மக்கட்கும் என் வாழ்த்துகள் உரித்தாகுக. தங்கள் முழங்காலும் குடும்பமும் நீடு வாழ்க.

அன்புடன்,
சொற்கொண்டல் நமசிவாயம்

பின்குறிப்பு: நேற்று இதற்கு முத்திரை வாங்க வெளியே சென்றிருந்தேன். திரும்பி வந்தபோது, கூட்டத்துக்கு உடுக்கும் சேலையை எடுக்க வந்த நாகேஸ்வரி மேசையடியில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடி அணிந்து, இக்கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தாள். நான் நிலைப்படியில் நின்றேன். நாற்பதாண்டு மேடைப் பழக்கத்தில் அத்துணை அமைதியானதோர் அவையை நான் எதிர்கொண்டதில்லை.

"பஸ் நிண்டது ஐம்பத்தைஞ்சு நிமிசம். நாப்பதில்லை" என்றாள். பின்னர், "மற்றதெல்லாம் சரி" என்றாள். பின்னர் காவலர் வந்த பகுதியை மீண்டும் வாசித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இஞ்சேருங்கோ, இப்பிடித்தான் நீங்கள் அண்டைக்குப் பேசியிருக்க வேணும். ஞாயிற்றுக்கிழமை இதை அப்பிடியே வாசியுங்கோ. நான் படம் போடுறன்."

"இது மறைமடல், மேடைக்கு உரியதன்று" என்றேன்.

"அப்ப நான் பேசுறன். நீங்கள் படம் போடுங்கோ."

நான் வாசிக்கின்றேன். எனவே தாங்கள் எதனையும் நிறுத்த வேண்டாம். அடுப்பிலும் இட வேண்டாம். மூலம் மேடைக்கு வேண்டியிருப்பதால் தங்கள் கையிலிருப்பது அதன் படி. நிமிடத்தை மட்டும் திருத்தாமல் விட்டிருக்கின்றேன், மேடையில் அவளே எழுந்து திருத்துவாளாம். யாருக்கும் காட்டலாம், முந்நூறு பேர் கேட்கப்போகின்றார்கள். இரு வீட்டுப் பட்டியல்களையும் இன்று காலை அவளே காவல் நிலையத்துக்குச் சென்று திருத்திவிட்டாள். திரும்பியமைக்குக் காரணம் கேட்ட அதே காவலரிடம் "கடிதம்" என்றாளாம். வளைதடியும் வீடு திரும்பிவிட்டது. என் சால்வை அதிற் கொழுவியிருக்கின்றது.

படங்களின் வரிசையை அவள் மாற்றியிருக்கின்றாள். சென்ற முறை ஒதுக்கிவைத்த முப்பத்தேழாவது படமே இம்முறை முதலாவது. நாடியில் நான் எடுத்தது. அதன் முக்காற்பங்கை என் பெருவிரல் மறைத்திருக்கின்றது. மிஞ்சிய காற்பங்கில் ஒரு பேருந்துப் படியும், அதில் அழுத்தி ஊன்றிய ஒரு செருப்புக் காலும் தெரிகின்றன. அது யாருடைய கால் என்று பேர்னாட் எழுந்து கேட்பார். ஒழுங்கு செய்தாயிற்று.