மூன்றாவது போதும்

மென்பொருள் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு. எந்தத் தொழிலுக்கு மென்பொருள் எழுதுகிறீர்களோ, அந்தத் தொழிலை முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். சொல்லும்போது முகத்தை மிகவும் தீவிரமாக வைத்துக்கொள்வேன். தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில், எனக்குத் தெரிந்திருந்த ஒரே தொழில் தரை துடைப்பதுதான் என்பதையும், அந்த அறிவோடு நான் ஒரு மீன் உணவகத்துக்கு மென்பொருள் எழுதினேன் என்பதையும் அவர்களிடம் சொல்வதில்லை.

அப்போது நான் லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஓர் எசமானியம்மாவின், வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். காலையில் தரை, பிறகு ஜன்னல், பிறகு நாயைக் கூட்டிக்கொண்டு நடை. (நாய்க்கு என்னைவிட இத்தாலியன் நன்றாக விளங்கும்.) ஆனால் மனதுக்குள் நான் ஒரு கணினி நிபுணன். கொழும்பில் ஒரு வருடம் கணினி வகுப்புக்குப் போனவன் அல்லவா. சிஞ்ஞோராவின் மகன் மிலானோவுக்குப் போகும்போது தன் பழைய கணினியை விட்டுவிட்டுப் போயிருந்தான். வேலை முடிந்ததும் அதன் முன் நான் இருக்கலாம் என்று சிஞ்ஞோரா சொன்னார். வீட்டு வேலைக்காரனுக்கு மகனின் அறையைத் திறந்துவிட்ட அந்த மனுஷியை நான் இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

எனக்கு ஓர் அவசரம் இருந்தது. என் மனைவி வதனி கொழும்பில் தன் அக்கா வீட்டில் காத்துக்கொண்டிருந்தாள். கலியாணம் முடிந்த கையோடு நான் விமானம் ஏறியவன். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் எனக்கு முழுநேர வேலை ஒப்பந்தம் வேண்டும். சிஞ்ஞோராவால் அரைநாள் வேலைக்குத்தான் என்னைப் பதிய முடிந்தது. தொலைபேசியில் வதனி ஒன்றும் கேட்க மாட்டாள். ஊரில் மழை என்பாள், அக்காவின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பாள். கேட்காமல் இருக்கிறாளே என்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

இந்த நிலையில்தான் சிஞ்ஞோராவின் மச்சான் முறையான நினோ வந்தார். ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடற்கரையோடு சேர்ந்தாற்போல அவருக்கு ஒரு மீன் உணவகம் இருந்தது. பக்கத்து உணவகக்காரர் வாசலில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து உயிரோடு மீன் விட்டிருந்தாராம். அதற்குப் பதிலடியாக நினோவுக்கு ஒரு கணினி தேவைப்பட்டது. சிஞ்ஞோரா என்னைக் காட்டி, இவர் ஓர் எஞ்சினியர் என்றார். நான் மறுக்கவில்லை. கையில் துடைப்பம் இருந்ததால் அடக்கமாகச் சிரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்தால் முழுநேர வேலைக்குப் பதிவதாக நினோ வாக்குக் கொடுத்தார்.

அந்த உணவகத்தில் மேசை பரிமாறியவன் மன்னார்ப் பெடியன் அமலன். அங்கே என்ன நடைமுறை என்று அவனிடம் விசாரித்தேன். அங்கே ஒருவரும் இது வேண்டும், அது வேண்டும் என்று சொல்வதில்லையாம். எல்லோருக்கும் ஒரே விலை. மட்டி, கணவாய், ஒக்டோபஸ், ஸ்பகெத்தி, இறால் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்குமாம்.

"போதும் எண்டு சொல்லுமட்டும் குடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் அண்ணை," என்றான். "எங்கடை கலியாணப் பந்தி மாதிரி எண்டு வையுங்கோவன்."

அந்தக் கடைசி வசனம்தான் என்னைக் கவிழ்த்தது. ஒருநாள் வந்து பார்த்துவிட்டு எழுதுங்கோ என்றும் அவன் சொன்னான்தான். கலியாணப் பந்தியைப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்கு மன்னாரான் சொல்லித்தர வேண்டுமா என்ற நினைப்பு எனக்கு. போகவில்லை.

எழுதினேன். சாப்பாடு முடிந்த மேசையின் இலக்கத்தை அழுத்தினால், குசினியில் உள்ள பிரிண்டர் அடுத்த சாப்பாட்டின் பெயரை அச்சடிக்கும். சமையல்காரர் அதைக் கிழித்தெடுத்துப் பார்த்து அனுப்புவார். மேசையில் இருப்பவர்கள் போதும் என்றால் அதற்கு ஒரு பொத்தான். இங்கேதான் என் மேதாவித்தனம் வேலை செய்தது. எங்கள் ஆட்கள் பந்தியில் முதலாவது போதும் சொல்வது வெட்கத்துக்கு. இரண்டாவது மரியாதைக்கு. மூன்றாவதைத்தான் வயிறு சொல்லும். முதல் போதுமுக்கே வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் பரிமாறத் தெரியாதவன். ஆகவே, முதல் இரண்டு போதுமுக்கும் அதே சாப்பாட்டை இன்னொரு தரம் அனுப்பும்படி நிரலில் எழுதிவைத்தேன். அந்தப் பகுதிக்கு 'மரியாதை' என்று பெயர்கூட வைத்தேன். இப்படி ஒரு நுட்பம் அமெரிக்காக்காரனுக்கும் வராது என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு நாயை நீண்ட நடை கூட்டிப்போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உணவகத்தில், தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய ஒரு குழந்தைக்கு விருந்து. சொந்தபந்தம் முழுக்க வந்திருந்தது. சிஞ்ஞோரா தன் மகனின் கழுத்துப்பட்டியை எனக்குக் கட்டிவிட்டு அனுப்பியிருந்தார். நினோ வேலையாட்களைக் கூப்பிட்டு ஓர் உத்தரவு போட்டார். (அவர் பேசியது சிசிலிய மொழி. என் காதில் அது எப்போதும் எங்கள் தமிழாகத்தான் விழும்.) "இண்டைக்கு ஒருத்தரும் தன்ரை மூளையைப் பாவிக்கக் கூடாது. துண்டிலை என்ன இருக்கோ அதுதான் மேசைக்குப் போக வேணும்," என்றார்.

தொடக்கத்தில் எல்லாம் அருமை. நான் கல்லாவுக்குப் பக்கத்தில் கணினி முன் இருந்து மேசை இலக்கத்தை அழுத்துவேன். குசினியில் பிரிண்டர் கிறீச்சிடும். சாப்பாடு வரும். நினோ என் முதுகில் தட்டினார். வதனி விமானத்தில் ஏறுவதை நான் கண்ணால் கண்டேன்.

பிறகு மேசைகள் ஒவ்வொன்றாகப் போதும் சொல்லத் தொடங்கின. அமலன் வந்து சொன்னான், நான் பொத்தானை அழுத்தினேன். மேசைக்கு இன்னொரு தட்டு மட்டி போனது. திரும்பவும் போதும் என்றார்கள். இன்னொரு தட்டு போனது. பாவம், விருந்தாளிகள் இதை நினோவின் தாராள மனம் என்று நினைத்துவிட்டார்கள். திருப்பி அனுப்பினால் அவர் மனம் நோகும் என்று கஷ்டப்பட்டுச் சாப்பிட்டார்கள். குழந்தையின் ஞானத்தகப்பன் முதலில் கோட்டைக் கழற்றினார், பிறகு இடுப்புப்பட்டியைத் தளர்த்தினார், பிறகு கடலைப் பார்த்தபடி இருந்தார்.

அமலன் என் காதருகே குனிந்தான்.

"அண்ணை, எல்லாரும் போதும் எண்டினம். உங்கடை மிசின் மட்டும்தான் இன்னும் சாப்பிடுங்கோ எண்டுது."

"பொறு, மூண்டாவது முறை நிண்டிடும்," என்றேன்.

மூன்றாவதற்கு முன்பே மட்டி முடிந்துவிட்டது. பிறகு இறால் முடிந்தது. சமையல்காரர் பிரிண்டரிலிருந்து வந்த காகிதத்தை வால் போல இழுத்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு தட்டு ஒக்டோபஸை விட்டால் இராச் சாப்பாட்டுக்கு இனி உப்பும் எலுமிச்சையும்தான் இருக்கிறது என்றார். நினோ போய்க் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினார். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான்தான், இப்போது சரிசெய்கிறேன் என்று சொல்லித் திரும்பச் செருகினேன். மின்சாரம் போனால் நடந்ததெல்லாம் அதற்கு மறந்துபோகும் என்று எனக்குத் தெரியாது. எல்லா மேசைகளும் இப்போதுதான் வந்து உட்கார்ந்தவை என்று முடிவு செய்து, முதல் சாப்பாட்டிலிருந்து திரும்பவும் அச்சடிக்கத் தொடங்கியது. உத்தரவுக்குப் பயந்த ஒரு பரிமாறுகிறவர், மட்டி இல்லாததால், கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஞானத்தகப்பன் முன்னால் கடைசியாக மிஞ்சியிருந்த ஒக்டோபஸ் தட்டை வைத்தார். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் பக்கத்து உணவகத்துக்கு, அந்த மீன்தொட்டிக்காரரிடம் போனார்கள். நினோ வாசலில் நின்று அதைப் பார்த்தார். நான் கழுத்துப்பட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, மலை போலக் குவிந்திருந்த தட்டுகளைக் கழுவப் போனேன். அது ஒன்றுதான் எனக்கு உண்மையாகத் தெரிந்த வேலை. வதனிக்கு என்ன சொல்வது என்ற யோசனையிலேயே கழுவினேன். அழுகை வந்தது. சவர்க்காரம் கண்ணில் பட்டுவிட்டது என்று அமலனிடம் சொன்னேன், அவனும் நம்பியது போல இருந்தான்.

நினோ குசினிக்குள் வந்தார். போதும் என்ற பிறகும் ஏன் உன் இயந்திரம் கொடுத்தது என்று கேட்டார். நான் வெட்கம், மரியாதை, வயிறு என்று மூன்றையும் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"முதல் தரமே ஒருத்தனுக்கு உண்மையா வயிறு நிறைஞ்சிருந்தா என்ன செய்வான்?"

"ரெண்டு கையையும் விரிச்சுச் சாப்பாட்டுக்கு மேலை பிடிப்பான்," என்று செய்து காட்டினேன். கையிலிருந்து நுரை சொட்டியது.

"அந்தக் கைக்கு உன்ரை மிசினிலை எங்கை பொத்தான்?"

நான் விரித்த கைகளைத் திரும்பத் தண்ணீருக்குள் விட்டேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, நாளைக்குக் காலையில் வா, இயந்திரம் இல்லாமல் வா என்றார். அந்த வாரமே முழுநேர வேலைக்குப் பதிந்தார். எஞ்சினியராக அல்ல, தட்டுக் கழுவுகிறவனாக. வாழ்க்கையில் நான் எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நினோவுக்குச் சொல்ல வேண்டிய நன்றியை மட்டும் மிச்சத் தட்டுகளைக் கழுவித்தான் சொன்னேன்.

வதனி வந்தாள். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் வழியில்தான் ஸ்ஃபெர்ராகவால்லோ. கூட்டிவா என்று நினோ கட்டளையிட்டிருந்தார். கடலோரமாக ஒரு மேசை போட்டு, அவள் முன் ஸ்பகெத்தி வைத்தார். புது நாடு, புது ஆட்கள், பக்கத்தில் பழகி முடியாத புருஷன். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, நான் சொல்லிக்கொடுத்திருந்த இத்தாலியனில் மெதுவாகப் போதும் என்றாள். நினோ தட்டை எடுக்கப் போன அமலனைத் தடுத்தார்.

"பொறு. அது வெட்கம்," என்றார்.

இன்னொரு தட்டு வந்தது. அதையும் முடித்துவிட்டுப் போதும் என்றாள். அது மரியாதை என்றார். இறால் வந்தது. அதன் பிறகு அவள் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் விரித்துத் தட்டுக்கு மேல் பிடித்தாள். நினோ தலையைக் குனிந்து வணங்கி, தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போனார். விமானத்தில் பயத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை, பசி உயிர் போனது என்று அவள் பிறகு என்னிடம் சொன்னாள். என் நிரல் சரியாக வேலை செய்தது அந்த ஒருநாள்தான். அப்போது கணினி பக்கத்தில்கூட இல்லை.

தட்டுக் கழுவி, மேசை பரிமாறி, கல்லாவில் நின்று, அதன் பிறகு நான் எழுதிய மென்பொருளை இன்று இந்தக் கரையில் பல உணவகங்கள் பாவிக்கின்றன. அதில் ஒரு 'போதும்' சொன்னாலே போதும். வீட்டில்தான் பழைய சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் நான் இந்தக் கதையைத் தொடங்குவேன். நினோவின் வாக்கு வரைக்கும் வரும்போதே என் மகள் சிசிலியக்காரி போலத் தோளைக் குலுக்கி, இரண்டு கைகளையும் விரித்துத் தன் காதுகளுக்கு மேல் பிடிப்பாள்.

"அப்பா, எனக்கு இது மூண்டாவது போதும்."

"அவளை விடுங்கோ," என்பாள் வதனி. "நீங்கள் சொல்லுங்கோ. எனக்கு இன்னும் வெட்கம்தான்."