தங்கையின் ஷாம்புவுக்கு நான் நுரை ஏற்றிய கதை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் இங்கே நலம். உன் மகளும் பிறந்த குழந்தையும் அங்கே நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உன் ஷாம்பு மட்டும்தான் நலமாக இல்லை. போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், பக்கத்தில் நின்று உன் அண்ணி சிரிப்பாள். அதனால்தான் கடிதம்.

மகள் பிரசவத்துக்கு நீ கிளம்பும்போது என்னிடம் விட்டுப்போன வேலை சின்னதுதான். பாத்திரத்தில் நீ கலக்கி வைத்திருந்த ஷாம்புவைப் புட்டிகளில் ஊற்றி, அழகுநிலையத்து அம்மாவிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது, "தலையை நல்லா நனைச்சு, ரெண்டு தடவை தேய்ச்சாத்தான் நுரை வரும்னு மறக்காம சொல்லிடுங்கண்ணா" என்றாய். முதலில் கொடுத்த மாதிரிப் புட்டியில் நுரை போதவில்லை என்று அந்த அம்மா முகம் சுளித்ததும், அவர் மட்டும் மாதாமாதம் எடுத்துக்கொண்டால் தையல் கம்பெனி வேலையை விட்டுவிடலாம் என்று நீ காத்திருந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினையாகிவிட்டது. தீயணைப்புத் துறையில் காலமெல்லாம் நுரை அடித்தவன் நான். எரிகிற எண்ணெய்த் தொட்டியையே நுரையால் போர்த்திப் படுக்க வைத்தவன், ஒரு புட்டி ஷாம்புவை நீட்டி, 'கொஞ்சம் நனைச்சுத் தேய்ங்கம்மா, வரும்' என்று கெஞ்சுவதாவது என்று தோன்றிவிட்டது.

முதலில் என் தலையிலேயே தேய்த்துப் பார்த்தேன். நுரை வரவில்லை. நெற்றி வழியாக வழுக்கி நேரே கண்ணுக்குள் போனது. "நுரை நிக்க முடி வேணுங்க, உங்க தலையில என்ன இருக்கு?" என்றாள் உன் அண்ணி. தொழில் தெரியாதவர்கள் பேச்சை நான் காதில் வாங்குவதில்லை. மிக்சியில் ஊற்றி அடித்தேன். மூடியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிய நுரை மேடையெல்லாம் பரவி, அடுப்பைச் சுற்றிக்கொண்டு, அலமாரிக்குள்ளும் நுழைந்துவிட்டது. எல்லாவற்றையும் வழித்துப் பாத்திரத்தில் சேர்த்துவிட்டுப் பெருமையோடு படுத்தேன். காலையில் பார்த்தால் நுரை அடங்கி, பாத்திரத்தில் பாதிகூட இல்லை. இருப்பதையாவது கெட்டியாக்கலாம் என்று ஒரு கரண்டி உப்புப் போட்டேன், தேன் மாதிரி திரண்டது. ஒரு கரண்டிக்கே இப்படியா என்று ஆசை முற்றி ஒரு கை அள்ளிப் போட்டேன், தண்ணீராக ஓடிவிட்டது. அப்போதாவது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். என் புத்தி புல் மேயப் போயிருந்தது, தங்கச்சி. பாத்திரம் தேய்க்கிற திரவத்தை எடுத்து, குறைந்துபோன அளவுக்கு அதை ஊற்றி நிரப்பிவிட்டேன். அதில் இருப்பது அத்தனையும் சல்பேட், தலையை அரிக்கும் என்று நீ கிட்டேயே சேர்க்காத நுரை மருந்து. நுரை என்னவோ பிரமாதம். புட்டிகளில் அடைத்து, 'சல்பேட் இல்லாதது' என்று உன் கையால் எழுதி வைத்திருந்த சீட்டை நானே நீவி நீவி ஒட்டி, மறுநாள் காலையில் பையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். நீ சொல்லச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

சில நாளில் அந்த அம்மாவே கூப்பிட்டார். "சார், இப்பதான் இது ஷாம்பு! என்னமா நுரைக்குது! மாசாமாசம் எனக்கு வேணும்" என்றார். நான் துள்ளிக் குதிக்கும் முன்பே அடுத்ததையும் சொல்லிவிட்டார். "மத்த ஷாம்பு போட்டா தலை அரிக்குதுன்னு அழுவாங்களே ஒரு டீச்சர், அவங்களும் ரெண்டு புட்டி எடுத்து வைக்கச் சொல்லியிருக்காங்க. சீட்டைப் படிச்சுட்டு அவ்வளவு சந்தோஷம்." அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. புட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தலை அலசுகிற தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்தார். குழாய்க் கழுத்து மூழ்கும்வரை நுரை எழும்பி, நான் செய்த காரியத்துக்குச் சாட்சி மாதிரி என் முன்னால் நின்றது. "உங்க தங்கச்சியை நம்பி வெச்சேன் சார். இனிமே வேணாம்" என்றார். தொட்டியை நானே கழுவிவிட்டு வந்தேன்.

வேலைவிட்டு வந்த களைப்போடு நீ நின்று நின்று கலக்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வர வேண்டிய வேலையை நான் இந்த லட்சணத்தில் செய்து வைத்திருக்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இனி உன் சாமான் எதையும் என் கை தொடாது.

பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் என் ஆசிகள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

வருத்தத்துடன்,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடிய நேரத்தில் உன் அண்ணி இதைப் படித்துவிட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "மிக்சியில அடிச்சுட்டு நீங்க தூங்கினதுமே, அடியில கொஞ்சம் விட்டுட்டு மிச்சத்தையெல்லாம் எடுத்து ஒளிச்சுட்டேன். மறுநாள் ராத்திரி உங்க புட்டியெல்லாம் காலி பண்ணி அதைத்தான் ஊத்தி வெச்சேன். நனைச்சு ரெண்டு தடவை தேய்க்கச் சொல்லி அந்தம்மாவுக்குப் போனும் பண்ணிட்டேன். உங்களை யாரு போய் ஒப்புக்கச் சொன்னது?" என்கிறாள். நான் செய்த கலவையில்தான் இத்தனை நாளாக எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பளபளக்கின்றனவாம். மறுபடியும் அழகுநிலையத்துக்குப் போய் விளக்கிவிட்டு வருகிறேன் என்றேன். என் செருப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒளித்ததில் மிச்சமிருக்கும் ஒரே ஒரு புட்டியோடு அவளே போயிருக்கிறாள். இன்னும் வரவில்லை. தொட்டியில் குழாய்க் கழுத்துவரை எழும்பியதே, அது உன் நுரைதான், தங்கச்சி. என் சர்வீஸில் அப்படியொரு நுரையை நான் பார்த்ததில்லை. அதைத்தான் என் கையாலேயே கழுவி விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.