துடிப்பானந்தரின் நாடிக் காப்பு

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்காவில் நடக்க இடம் கிடைக்காது. அங்கே ஒரு கடைவீட்டு மாடிக்குக் கீழே நிற்கக்கூட இடம் கிடைக்கவில்லை. எல்லாம் ஸ்ரீலஸ்ரீ துடிப்பானந்த சுவாமிகளின் மகிமை.

சுவாமிகள் எதிர்காலத்தைத் தொடவே மாட்டார். சொன்னது நடக்காவிட்டால் ஆள் திரும்பி வந்து சண்டை போடுவான் அல்லவா? அவருடைய துறை சென்ற வாரம்தான். "தாயி, செவ்வாய்க்கிழமை உனக்குத் தூக்கமே வரலை" என்பார். பக்தை வாயைப் பிளப்பாள். "புதன்கிழமை உன் ஆத்மா ஈசூன் பக்கம் எதையோ தேடி அலைஞ்சது" என்பார். அவள் ஈசூனில் சோபா பார்க்கப் போயிருந்தாள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். தனக்கே தெரிந்த சென்ற வாரத்தை இன்னொருவர் வாயால் கேட்க வெயிலில் வரிசை நிற்கும் ஜனத்தை என்னவென்று புகழ்வது?

முதல் தடவை காணிக்கை கிடையாது. சீடர் ரஞ்சன் உங்கள் மணிக்கட்டில் ஒரு கறுப்பு ரப்பர் காப்பை மாட்டிவிடுவார். மேலே சந்தனம் அப்பி, குங்குமப் பொட்டும் வைத்திருக்கும். "நாடிக் காப்பு. சார்ஜ் போடற நேரம் தவிர கழட்டவே கூடாது. கழட்டினா நாடி கோவிச்சுக்கும்." பிறகு உங்கள் கைப்பேசியை வாங்கி, "மந்திரம் ஏத்தறேன்" என்று ஒரு செயலியை இறக்கி, அது கேட்டதற்கெல்லாம் சம்மதம், சம்மதம் என்று தட்டித் தள்ளுவார். கல்யாணத்தில் மாப்பிள்ளைகூட இத்தனை சம்மதம் சொல்வதில்லை. அடுத்த வாரம் நீங்கள் போனால் சுவாமிகள் தன் முன்னால் இருக்கும் பூத்தட்டைக் குனிந்து பார்ப்பார்; உங்கள் வாரம் முழுவதையும் ஒப்பிப்பார். தோஷம் ஒன்று கட்டாயம் இருக்கும். பரிகாரமும் இருக்கும். பரிகாரத்துக்கு மட்டும் காணிக்கை உண்டு.

கிளமெண்டியில் வசிக்கும் கோவிந்தசாமி ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் மனைவி சந்திரமதி கையைப் பிடித்து நீட்டியபோது கையை இழுத்துக்கொள்ளும் துணிச்சலும் இல்லை. காப்பு ஏறியது.

அடுத்த வாரம் அவள் மட்டும் போய்விட்டு, முகம் சிவக்கத் திரும்பி வந்தாள்.

"வியாழக்கிழமை டோபி காட் பக்கம் எங்க போனீங்க?"

கோவிந்தசாமிக்குத் தேநீர் புரையேறியது.

"சாமி எல்லாம் சொல்லிட்டாரு. ஒரே ரூமுக்குள்ள இருந்தீங்களாம். அப்ப உங்க நெஞ்சு படபடன்னு அடிச்சுதாம். அங்க பொம்பளை வாசம் வீசுச்சாம்!"

அதில் கொடுமை என்னவென்றால், வாசம் உண்மைதான். ஒரு அறை நிறையச் சீன அம்மாக்கள். நடுவில் ஒரே ஆண்பிள்ளையாகக் கோவிந்தசாமி, பாட்டுக்கு ஏற்ப வரிசையில் கால் மாற்றி ஆடும் 'லைன் டான்ஸ்' கற்றுக்கொண்டிருந்தார். எல்லாரும் இடது பக்கம் திரும்பினால் அவர் வலது பக்கம் திரும்பி, எதிரே வரும் அம்மாவிடம் 'சாரி' கேட்பார். நெஞ்சு படபடக்காமல் என்ன செய்யும்? இதை வீட்டில் சொன்னால் சந்திரமதி சிரித்தே ஊரைக் கூட்டிவிடுவாள் என்று மறைத்து வைத்திருந்தார். இப்போது சொன்னால் நம்பவும் மாட்டாள்.

"பரிகாரம் முடியற வரைக்கும் நான் நிரஞ்சனா வீட்டுல இருக்கேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு செங்காங்கிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கோவிந்தசாமி தனியாக உட்கார்ந்து யோசித்தார். டோபி காட் விஷயம் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. சரி, சாமிக்கு ஞானக்கண் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அதே வாரம் மச்சானோடு எல்லை தாண்டி ஜொகூர் போய், டாக்டர் கூடாதென்ற ஆட்டுக்கறியை ஒரு கை பார்த்தாரே, அதைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை இல்லை? அன்றைக்கு என்ன விசேஷம்? நினைவுக்கு வந்தது. அன்றைக்குக் காப்பில் சார்ஜ் இல்லை. வீட்டு மேசையில் செத்துக் கிடந்தது.

ஞானக்கண்ணுக்கு எதற்கு சார்ஜ்?

காப்பைக் கழற்றினார். நாடி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நேராகப் பக்கத்து வீட்டு லிம்மிடம் போனார். லிம் மைலோ என்றொரு நாய் வளர்க்கிறார்.

"நாய்க்கு எதுக்கு லா வாட்ச்?" என்றார் லிம், சிங்கப்பூருக்கே உரிய 'லா' போட்டு.

"குண்டாயிட்டான் லா. எவ்வளவு நடக்கிறான்னு பார்ப்போம்."

முன்னங்காலில் முடி குறைவான இடமாகப் பார்த்துக் கட்டினார்கள். சந்தனத்தை மட்டும் மைலோ நக்கித் தீர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பரிகாரத்துக்குச் சம்மதம் என்று சொல்லிச் சந்திரமதியை அழைத்துக்கொண்டு போனார் கோவிந்தசாமி. அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தான் வரை மாட்டியிருந்தார். கீழே நடைபாதையில் லிம்மும் மைலோவும் காத்திருந்தார்கள்.

சுவாமிகள் பூத்தட்டைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "பகல் பூரா படுத்தே கிடக்கீங்க" என்றார்.

'ஆ' என்றது கூட்டம். நேற்று முன்தினம் பேரப்பிள்ளைகளுக்கு மீன் வாங்கிக்கொண்டு பட்டப்பகலில் செங்காங் வந்து நின்ற புருஷனைச் சந்திரமதி தன் கண்ணால் பார்த்திருந்தாள். ஆனாலும் அவள் சாமியைச் சந்தேகப்படவில்லை. கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள்.

"சாயங்காலமானா கால்வாய் ஓரமா போறீங்க. ஒவ்வொரு மரத்தடியிலயும் நிக்கறீங்க. யாருக்காகவோ காத்துக் காத்து நிக்கறீங்க!"

"நின்னது வாஸ்தவம் சாமி" என்றார் கோவிந்தசாமி பணிவாக. "காத்து நின்னேனான்னுதான் தெரியலை."

"நேத்து அவளைப் பார்த்துட்டீங்க. நெஞ்சு குதிரை மாதிரி ஓடுச்சு. நீங்களும் பின்னாலயே ஓடினீங்க!"

சந்திரமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவ எப்படி இருப்பா சாமி?"

"நல்ல நிறம். பூனைக் கண்ணு."

"பிரமாதம்! கண்ணு மட்டுமில்ல சாமி, முழுசாவே பூனைதான்" என்று சொல்லி, கோவிந்தசாமி சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. "லிம்! மேல வா!"

லிம் வந்தார். அவருக்கு முன்னால் மைலோ வந்தது. காலில் காப்போடு வந்த பக்தரைப் பார்த்துச் சுவாமிகள் எழுந்து ஓடப் பார்த்தார். ஆனால் பூத்தட்டுக்குப் பக்கத்தில் பிரசாத நெய் வடை இருந்ததே! மைலோ ஒரே பாய்ச்சலாகச் சுவாமிகளின் மடியில் விழுந்தது. தட்டு கவிழ்ந்தது. பூவுக்கு அடியிலிருந்து ஒரு டேப்லெட் சறுக்கிக்கொண்டு வந்து கூட்டத்தின் நடுவே நின்றது. திரையில் சிங்கப்பூர் வரைபடம். அதன் மேல் புள்ளி புள்ளியாகப் பேர்கள். தேக்காவில் ஒரே குவியல்.

முன்வரிசையில் இருந்த விசாலாட்சி குனிந்து படித்தாள். "இது என் பேரு. இங்க இருக்கிறது நான். அப்ப என் வீட்டுல இப்ப யாரும் இல்லைன்னும் இந்த ஆளுக்குத் தெரியுமா?"

"வீடு மட்டுமா?" என்றார் கோவிந்தசாமி. "எப்ப தூங்கறீங்க, எப்ப முழிக்கிறீங்க, எப்ப படபடப்பு வருது, எல்லாம் இதுல இருக்கு."

அதற்கு மேல் காப்புகள் மழையாய்ப் பொழிந்தன. சில சுவாமிகளின் மண்டைமேல். "இது விஞ்ஞான ஆன்மிகம்!" என்று கத்தினார் சுவாமிகள். சீடர் ரஞ்சன் பின்படிக்கட்டில் ஏற்கெனவே பாதி தூரம் போயிருந்தார். யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். மைலோ இரண்டாவது வடைக்குப் போனது.

சந்திரமதி மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். "அப்ப டோபி காட்ல என்னங்க பண்றீங்க?"

கோவிந்தசாமி சொன்னார். அவள் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் அங்கேயே, அத்தனை பேர் முன்னிலையில், நான்கு அடி ஆடிக் காட்டினார். திரும்பும்போது வலது பக்கம் திரும்பி ஒரு தூணில் மோதினார்.

சந்திரமதி சிரித்த சிரிப்பு சிராங்கூன் ரோடு வரை கேட்டிருக்கும். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

படியிறங்கப் போனவரை விசாலாட்சி மடக்கினாள். "அண்ணே, இவரு போலி. சரி. நிஜமான சாமியார் எங்க இருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கோவிந்தசாமி திரும்பி நின்றார்.

"அம்மா, அந்த ஆளு கையைக் கேட்டான், நீட்டினோம். போனைக் கேட்டான், கொடுத்தோம். மூளையை மட்டும் அவன் கேட்கவே இல்லை. நாமளாத்தான் செருப்போட சேர்த்துக் கழட்டி வாசல்ல வச்சுட்டு வந்தோம். இறங்கிப் போறப்ப செருப்பை மட்டும் மாட்டிக்கிட்டுப் போயிடாதீங்க."