இடப்பக்கத்து மஞ்சு

கிளென்மார்கன் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே இருபத்தாறு வருஷமாகக் கொழுந்து லாரி ஓட்டிவந்த சுடலைமணி, ஒரு செவ்வாய்க்கிழமை பல் விளக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தார். தலையில் மாட்டுகிற மிஷின் ஒன்றிடம் தோற்பதில்லை.

விஷயம் இதுதான். போன வாரம் லாரியின் இடப்பக்கக் கண்ணாடி ஒரு சில்வர் ஓக் மரத்தில் மோதித் தெறித்துப்போனது. வளைவில் மரம்தான் ரோட்டுக்கு வந்துவிட்டது என்றார் சுடலைமணி. ஆபீஸில் மரத்தை விசாரிக்கவில்லை. ஐம்பது தாண்டிய டிரைவர்கள் கண் முகாமுக்குப் போய்ச் சீட்டு வாங்கி வரவேண்டும், இல்லையென்றால் லாரிச் சாவியை மேஜைமேல் வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். சாவி போனால் டிரைவர் குவார்ட்டர்ஸும் போகும்.

பழைய சோதனை என்றால் கவலையில்லை. சுவரில் தொங்கும் எழுத்துப் பலகை ஒன்பது வருஷமாக அவருக்கு மனப்பாடம். கீழ்வரிசையைப் பின்னாலிருந்துகூடச் சொல்வார். இது புதுசு. முதல் நாளே போய்வந்த கிளீனர் ஒச்சப்பன் விவரம் சொன்னார். ஹெல்மெட் மாதிரி ஒன்றை மாட்டுவார்கள். எதிரே இருக்கிற அறையும் தெரியும், அறைக்கு நடுவில் ஒரு மஞ்சள் நட்சத்திரமும் மிதக்கும். நட்சத்திரத்தை விட்டுக் கண் நகரக்கூடாது. ஓரத்தில் எங்காவது வெளிச்சப் புள்ளி மின்னினால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். புள்ளி வருவது, சோதிக்கிற பெண் வைத்திருக்கும் டேப்லெட்டிலும் தெரியும்.

கடைசிச் சேதி சுடலைமணிக்கு மிகவும் பிடித்திருந்தது. காரணம், எட்டு மாதமாக அவருக்கு இடப்பக்கம் கொஞ்சம் மஞ்சு, வெள்ளை மூடுபனி. மலையில் மஞ்சு இறங்கியதற்கு யாராவது டாக்டரிடம் போவார்களா? நல்ல வெயிலிலும் அது இடப்பக்கம் மட்டும் நிற்பதைப் பைக்காரா தண்ணீரின் குளிர்ச்சி என்று அவர் முடிவு கட்டியிருந்தார். லாரியில் ஒச்சப்பன் அந்தப் பக்கம் நின்று தகரத்தைத் தட்டுவார். ஒரு தட்டு, நில். இரண்டு தட்டு, போ. தட்டு இருக்க, கண் எதற்கு?

முகாமுக்கும் ஒரு கிளீனர் வேண்டும். அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிற தன் மனைவி கோகிலவாணியை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். தலையில் எதை மாட்டினாலும் இவருக்கு மயக்கம் வரும், கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியது. கண் டேப்லெட்டில். புள்ளி வந்தால் அவர் கையில் ஓர் அமுக்கு.

"அவ்வளவுதானுங்களா?" என்றாள்.

தேங்காய் உடைக்கச் சொன்னாலே மூன்று கேள்வி கேட்கிறவள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

எஸ்டேட் பிள்ளைகள் காப்பகத்தில் முகாம். ஞானசுந்தரி என்ற பெண்தான் சோதித்தாள். வலது கண் சுலபமாக முடிந்தது. அதை மறைத்து இடது கண்ணைத் தொடங்கினாள். அறைக்குள்ளேயும் மஞ்சு. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. இது எந்த வழியாக உள்ளே வந்தது என்று அவர் யோசிப்பதற்குள் மனைவியின் விரல் அமுக்கியது. அவர் பட்டனை அமுக்கினார். மறுபடி விரல். மறுபடி பட்டன். அந்தப் பக்கம் ஒரு புள்ளியைக்கூட அவர் பார்க்கவில்லை, ஓர் அமுக்கைக்கூட விடவுமில்லை. கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் இருவரும் இவ்வளவு ஒற்றுமையாக எந்த வேலையும் செய்ததில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றிய ஞானசுந்தரி டேப்லெட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணா, இடப்பக்கம் முப்பத்தொரு புள்ளி காட்டினேனுங்க."

"முப்பத்தொண்ணுக்கும் அமுக்கியிருப்பேனே."

"முப்பத்தொரு தடவை அமுக்கினது சரிங்க. ஆனா புள்ளி வந்தப்ப ஒருக்காக்கூட அமுக்கலை. இல்லாத நேரமாப் பார்த்து அமுக்கியிருக்கீங்க. கண்ணை இறுக மூடிக்கிட்டு அமுக்கினாலே நாலஞ்சு சரியா விழுமுங்க."

சுடலைமணி மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். அவள் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவளை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி சோதித்தார்கள். முகாம் டாக்டர் சோதனைப் படத்தைக் காட்டினார். இடது கண்ணின் வெளிப்பாதி முழுக்கக் கறுப்பு. கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருக்கிறது; போன பார்வை வராது; தினமும் சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். இன்றைக்கு எப்படியோ தேறிப் போயிருந்தால் அடுத்து வலது கண்ணும் இதே வழிதான். லாரி கூடாது. நடக்கும்போதும் உட்காரும்போதும் கழுத்தை இடப்பக்கம் நன்றாகத் திருப்பிப் பார்த்துப் பழக வேண்டும்.

இருவரும் காப்பக வாசற்படியில் உட்கார்ந்தார்கள். பிறகு, ஏன் புள்ள இப்படிப் பண்ணினாய் என்று கேட்டார்.

"லாரியில கொழுந்து மட்டுமா வருது? இருபது பொம்பளைங்க வர்றோம். அந்த மரம் கண்ணாடியைப் பேத்தப்ப, கிளை என் காதை உரசிட்டுப் போச்சுங்க."

சுடலைமணி திரும்பி அவள் காதைப் பார்த்தார்.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"எட்டு மாசமாச் சொன்னேன். மஞ்சுன்னீங்க."

குவார்ட்டர்ஸ் போய்விடுமே என்றார். போகாது என்றாள். சனிக்கிழமையே ஆபீஸில் பேசிவிட்டாளாம். ஃபாக்டரியில் கொழுந்து நிறுக்கும் வேலை. வீடு அப்படியே இருக்கும். மரத்தை விட்டுவிட்டு ஆளைச் சோதிக்கச் சொன்னதும் அவள்தானாம்.

"அதெப்படி எட்டு மாசம்னு அவ்வளவு கணக்காச் சொல்ற?"

"ரிமோட்டுங்க. உங்க நாற்காலியோட இடது கையிலதான் வெச்சிருந்தேன், உங்க கண்ணுல படலை. எலி தூக்கிட்டுப் போச்சுன்னு பொறி வாங்கியாந்தீங்க. டாக்டர்கிட்ட வாங்கன்னேன், வரலை. சரி, சீரியலாவது பார்ப்போம்னு அங்கேயே விட்டுட்டேன்."

அன்று சாயங்காலம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு சுடலைமணி நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்தார். இனி நியூஸ்தான். டாக்டர் சொன்னபடி கழுத்தை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினார். நாற்காலிக் கை, அதன் அடி, ஜன்னல் திட்டு, திரைச்சீலையின் மடிப்பு, ஒன்றையும் விடவில்லை. டிவியில் சீரியல் மருமகள் அழுதுகொண்டிருந்தாள். நாலாவது நாள் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

ரிமோட் அவருடைய வலது முழங்கையை ஒட்டியே இருந்தது.