அழுகை கேட்காத பள்ளிகள்

நாவலந்துறை நாட்டில் மழை பெய்யும், வெயில் அடிக்கும், அவ்வப்போது அரச ஆணையும் வரும். மழைக்கும் வெயிலுக்கும் குடை உண்டு. ஆணைக்குக் குடை இல்லை.

அந்த நாட்டில் காசாம்பு என்று ஒருத்தி இருந்தாள். சுண்ணாம்புக் காளவாயில் கல் சுமப்பவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மூன்று வயது மகள் அல்லிதான் அவளுக்கு எல்லாம். அல்லியோ, அடேயப்பா, வாய் என்றால் அப்படியொரு வாய்! "நெருப்பு ஏம்மா சுடுது? கழுதைக்கு யாரும்மா கழுதைன்னு பேரு வெச்சா?" என்று விடிந்ததும் ஆரம்பித்தால் தூங்கும்வரை ஓயமாட்டாள். "உனக்கு வாய்க்குப் பூட்டுப் போடணும்டி" என்று திட்டிக்கொண்டே காசாம்பு அவளை இடுப்பில் தூக்கிப்போய் அரண்மனை நடத்திய பிள்ளைக்கூடத்தில் விடுவாள்.

அங்கே கூரை ஒழுகும். கஞ்சி நேரத்துக்கு வராது. ஆனால் மனோரஞ்சிதம் என்ற ஆசிரியை இருந்தாள். கழுதைக்குப் பேர் வைத்தது யார் என்று பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மல்லுக்கட்டுவாள். அழுகையும் சிரிப்பும் சண்டையுமாகத் தெருமுனைவரை கேட்கும்.

கூரையைச் சரிசெய்து தரச் சொல்லிப் பெற்றோர்கள் அரண்மனைக்கு மனுக் கொடுத்தார்கள். அதுதான் அவர்கள் செய்த தப்பு.

மகாமந்திரி விருப்பநாதர் எழுந்தார். "மன்னா, கூரையை மாற்றினால் கூரை மட்டும்தான் மாறும். உரிமையைக் கொடுத்தால் நாடே மாறும். பிள்ளைக்கொரு சீட்டு கொடுப்போம். பெற்றவர்கள் பிடித்த பள்ளியில் அதைக் கொடுக்கட்டும். சீட்டைக் கொண்டுவரும் பள்ளிக்காரருக்கு நாம் பணம் கொடுப்போம். கூரை அவர் பாடு."

மன்னர் செம்மாந்த வர்மர் மனம் குளிர்ந்து முத்திரை வைத்தார். சீட்டு வந்ததுதான் தாமதம், வட்டிக்கடைக்காரர் ஒரு பள்ளி திறந்தார். எண்ணெய்ச் செக்குக்காரர் ஒன்று திறந்தார். லாயம் வைத்திருந்தவர் குதிரைகளை விற்றுவிட்டுச் சுவரில் முயல் வரைந்தார். சாண நாற்றம் போவதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

எது நல்ல பள்ளி என்று எப்படித் தெரியும் எனச் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் ஓர் ஆணை வந்தது.

"ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் ஆளை அனுப்பிப் பார்த்தால் செலவு," என்றார் விருப்பநாதர். "காது போதும். குழந்தை எதற்கு அழும்? குறை இருந்தால் அழும். அழுகை கேட்காவிட்டால் குறை இல்லை. நமது அதிகாரி பல்லக்கில் தெருவழியே போவார். சத்தம் கேட்காத பள்ளிக்குத் தங்க முத்திரை. முத்திரை இல்லாத பள்ளியில் சீட்டு செல்லாது. இதற்குமேல் என்ன சாஸ்திரம் வேண்டும்?"

சபை கைதட்டியது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள் ஊரில். மந்திரிமார் சபையில் அதை யார் எடுத்துச் சொல்வது?

மனோரஞ்சிதத்தின் பிள்ளைக்கூடத்துக்குப் பல்லக்கு வந்தபோது அல்லிதான் உரக்கக் கத்திக்கொண்டிருந்தாள். மறுநாளே கதவைச் சாத்திவிட்டார்கள்.

காசாம்பு சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு லாயக்காரர் பள்ளிக்குப் போனாள். வாசலில் தங்க முத்திரை மின்னியது. லாயக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். அவள் ஆயுசில் யாரும் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது. சீட்டை அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள்.

"உள்ள போய்ப் பாத்தியா காசாம்பு?" என்று வழியில் பார்த்துக் கேட்டாள் மனோரஞ்சிதம்.

"பெத்தவங்க உள்ள வந்தா பிள்ளைங்க ஏங்கி அழுமாம்க்கா. முத்திரை போயிருமாம். அதான் வாசலோட சரி."

கொஞ்ச நாளில் அல்லியின் பேச்சு குறைந்தது. பிறகு நின்றது. "என்ன அடக்கம், என்ன அடக்கம்! முத்திரைப் பள்ளின்னா சும்மாவா?" என்று தெருவே மெச்சியது. காசாம்புக்கும் முதலில் பெருமைதான். பாவி, பெருமைதான் பட்டாள்.

ஒருநாள் அல்லி அம்மிக்கல்லில் தடுக்கி விழுந்தாள். முட்டி கிழிந்து ரத்தம் கொட்டியது. குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்தது.

"வலிக்கலையாடி கண்ணு? அழுதுருடி. ஏதாச்சும் கேளுடி என்னை!"

அல்லி ஒன்றும் கேட்கவில்லை. காசாம்பு முந்தானையைக் கிழித்து முட்டியில் கட்டினாள். பள்ளியை மாற்றலாமென்று அலைந்தாள். எல்லா வாசலிலும் முத்திரை, எல்லாப் பள்ளிக்குள்ளும் அதே அமைதி. கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரசவைக்கே போய்விட்டாள்.

"பள்ளியைத் தேர்ந்தெடுத்தது யார்?" என்றார் விருப்பநாதர்.

"நான்தான் எசமான்."

"யாராவது கட்டாயப்படுத்தினார்களா?"

"இல்லீங்க."

"அப்படியானால் புகார் உன்மேல்தான். பதிந்துகொள்ளலாமா?"

சபை சிரித்தது. காசாம்பு அசையவில்லை. "என் பிள்ளைக்குப் பேச்சு போயிருச்சு மவராசா. பழைய பிள்ளைக்கூடத்தத் தொறந்து விடுங்க. ஒழுகுனா ஒழுகிட்டுப் போவுது!"

மன்னர் கருணை கொண்டார். "சட்டம் சட்டம்தான். இந்தக் குழந்தை இங்கே ஒருமுறை அழட்டும். சத்தம் என் காதில் விழுந்தால் அந்தப் பள்ளியின் முத்திரையைப் பிடுங்கிவிட்டுப் பழையதைத் திறக்கச் சொல்கிறேன்."

ஒரே ஒரு அழுகை. காசாம்பு கெஞ்சினாள், மிரட்டினாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, பெற்ற பிள்ளையின் தொடையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள். அல்லியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. சத்தம் வரவில்லை.

விருப்பநாதர் தொண்டையைக் கனைத்தார். "சட்டத்தில் சத்தம் என்றுதான் இருக்கிறது. கண்ணீரைப் பற்றி ஒன்றும் இல்லை."

காசாம்பு தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று கதறினாள். அப்போது அல்லி எழுந்து நின்று, தன் சின்னக் கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"அழாதம்மா. ஒருத்தர் அழுதா எல்லாருக்கும் கஞ்சி கிடையாதுன்னுருவாங்க."

மன்னர் சிம்மாசனத்தின் நுனிக்கு வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது என்று பக்கத்தில் நின்றவர்கள் பிற்பாடு சொன்னார்கள். காசாம்புகூட ஒரு கணம் நம்பினாள்.

"விருப்பநாதரே," என்றார் மன்னர், "பிரம்பு இல்லை, காவலர் இல்லை. எவ்வளவு மலிவான ஏற்பாடு! இத்தனை நாள் இது நமக்குத் தோன்றவில்லையே?"

மறுநாள் முரசு அறைந்தார்கள். எந்தத் தெருவிலிருந்து அழுகையோ முறையீடோ கேட்கிறதோ, அந்தத் தெரு முழுவதற்கும் அரண்மனை அளக்கும் அந்த மாதத் தானியம் கிடையாது. சத்தம் கேட்காத தெருக்களுக்குத் தங்க முத்திரை வழங்கப்படும்.

அன்று சாயங்காலம் காசாம்பு அல்லியை மடியில் போட்டுக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். நல்லவர்கள்தான். ஒருத்தி கண்ணைத் துடைத்துவிட்டாள். இன்னொருத்தி எழுந்து போய்க் கதவையும் ஜன்னலையும் சாத்தினாள். பின்னால் நின்றவள் குனிந்து, காதோடு காதாகச் சொன்னாள்.

"மெதுவா அழு காசாம்பு. எங்க வீட்டுலயும் பிள்ளை குட்டிங்க இருக்கு."