மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் வைத்த கசிவு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அங்கு நீங்களும் என் மகளும் நலமாகவே இருப்பீர்கள்; அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

நிற்க. எங்கள் எரிவாயுக் கட்டுப்பாட்டு அறைக்கு நீங்கள் செய்து கொடுத்த கம்ப்யூட்டர் பயிற்சியில், குழாய்களையெல்லாம் அப்படியே திரையில் காட்டி, பொய்யாக ஒரு கசிவை வைத்து, நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்க்கிறார்கள். தேறினால்தான் தலைமை ஆபரேட்டர் நாற்காலியாம். சரி. ஆனால் நான் டீ கிளாஸை வாயில் வைக்கிற நேரம் பார்த்தே கசிவு வருவானேன்? போன வாரம் என் மகள் போன் பண்ணி, "அப்பா, நேரத்துக்கு டீ குடிக்கிறீங்களா?"ன்னு கேட்டப்பவே எனக்குப் பொறி தட்டிச்சு. நேரத்தை மாத்தினேன். கசிவும் மாறி வந்துச்சு! மாத்தினது உங்க மாமியாருக்கு மட்டும்தான் தெரியும். அன்னையிலிருந்து அவகிட்டயும் அளந்துதான் பேசுறேன். போதாக்குறைக்கு, ஒரு தடவை அழுத்தம் குறைஞ்சிடுச்சுன்னு அழுத்தமானி பொய் சொல்ல, நான் நம்பி அழுத்தத்தை ஏத்துற கம்ப்ரஸரைப் போட, "திரையில் தெரிவதையெல்லாம் நம்பலாமா?"ன்னு எழுதிக் காட்டி மார்க்கைக் குறைச்சிட்டீங்க.

இன்னைக்குக் காலையில பாருங்க, பயிற்சின்னு யாரும் மூச்சு விடலை. அசல் திரையிலேயே கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போற குழாயில அழுத்தம் மளமளன்னு இறங்குது. என் கையில டீ! எனக்கா தெரியாது? கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டேன். பக்கத்து சீட்டுக்காரன், "அண்ணே, இது நிஜம்ண்ணே!"ன்னு கத்துறான். "அப்படிச் சொல்லத்தானே உன்னை இங்க வெச்சிருக்காங்க"ன்னேன். மேனேஜர் ஓடி வர்றாரு, போன்ல தொழிற்சாலைக்காரர், "உலை ஆறுது, உலை ஆறுது"ன்னு அலறுறாரு. நடிப்புன்னா அது நடிப்பு மாப்பிள்ளை, மேனேஜர் நெத்தியில நிஜ வேர்வை! எழுந்து நின்னு கை தட்டினேன். கம்ப்ரஸரைப் போட வந்த அவர் கையைப் பிடிச்சு, "யாருகிட்ட சார்!"ன்னு உட்கார வெச்சேன். "நீங்க முதல்ல வீட்டுக்குப் போங்க"ன்னாரு. நான் கிளம்பும்போதே என் பழைய நாற்காலியைத் தூக்கி வெளியே வெச்சுட்டாங்க. புதுசு வருது போல.

உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராதிருக்க வாழ்த்தும்,
யாரிடமும் ஏமாறாத மாமனார்.

பி.கு.: கவரை ஒட்டுற நேரத்துல உங்க மாமியார், எங்க குழாயிலிருந்தே கேஸ் வர்ற வீட்டு அடுப்பு எரியலைங்கிறா. அவளும் உங்க ஆளுதானேன்னு பக்கத்து வீட்டுல விசாரிச்சேன். அங்கயும் எரியலை. எதிர் வீட்டுலயும் எரியலை. தெருவே உங்க ஆளா இருக்க முடியாதே மாப்பிள்ளை. காலையில நடந்தது பயிற்சிதான்னு மேனேஜருக்கு ஒரே ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.